கையில் ஏந்திச் செல்லும் காப்பி: செலவா, விரயமா?

மாதத் தொடக்கத்தில் ஏடு எடுத்துக் கணக்கெழுதும் பழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. அரிசி, பருப்பு, பால், வாடகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என வரிசையாக எழுதி, இறுதியில் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி எங்கே போயிற்று என்ற கேள்வி மாதந்தோறும் எழுகிறது. மாதந்தோறும் விடையின்றி அடங்கிவிடுகிறது.

அந்த ஏட்டில் ஏறாமலே ஒரு செலவு நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. வேலைக்குச் செல்லும் வழியில் வாங்கி, கையில் ஏந்தியபடியே பருகி, கோப்பையைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு நடையைக் கட்டும் காப்பிதான் அது. நம் ஊர் வழக்கில் சொன்னால் பார்சல் காப்பி.

"ஒரு காப்பிக்குக்கூடவா கணக்குப் பார்ப்பது?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "சம்பாதிப்பதையெல்லாம் காப்பியிலேயே கரைக்கிறான்" என்று பெரியவர்கள் குறைபடுகிறார்கள். இரு தரப்பிலும் சிறிது நியாயமும் சிறிது மிகையும் கலந்திருக்கின்றன. செலவழிக்கும்போது வரம்பு மீறாமலும் கையை முடக்கிக்கொள்ளாமலும் இரண்டுக்கும் நடுவே நிற்பதை நல்லடியார்களின் பண்பாகத் திருமறை (25:67) சொல்கிறது. அந்த நடுவிடத்தில் நின்று இந்தச் சிறு செலவைச் சற்று நிறுத்துப் பார்ப்போமா?

முதலில் கணக்கு

தேநீர்க் கடையில் ஒரு காப்பி 20 ரூபாய் என்று கொள்வோம். ஊருக்கு ஊர் சில ரூபாய் கூடலாம், குறையலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் நாளுக்கு 40 ரூபாய். மாதத்திற்கு 1,200 ரூபாய். ஆண்டுக்கு 14,400 ரூபாய். கேட்டவுடன் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவசரப்பட வேண்டாம். கடைக் காப்பியைக் கைவிடுபவர் காப்பியையே கைவிடுவதில்லை, வீட்டில் குடிக்கிறார். வீட்டுக் காப்பிக்கும் விலை உண்டு. காப்பித்தூள் கிலோ 800 ரூபாய் என்றால், ஒரு டம்ளருக்கு வேண்டிய 8 கிராம் தூளுக்கு ஏறத்தாழ ஆறரை ரூபாய். பால் லிட்டர் 50 ரூபாய் என்றால் 75 மில்லி பாலுக்கு மூன்றே முக்கால் ரூபாய். சர்க்கரையையும் எரிவாயுவையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 ரூபாய் ஆகிவிடுகிறது. ஆகவே கடைக் காப்பியை விடுவதால் மிஞ்சுவது கோப்பைக்கு 20 ரூபாய் அன்று, 8 ரூபாய்தான். நாளுக்கு இரு கோப்பை என்று வைத்தாலும் மாதத்திற்கு 480 ரூபாய். தேநீர்க் கடைக் காப்பியால் குடும்பம் கரைந்துவிட்டது என்று சொல்வதற்கு இந்தத் தொகை போதாது.

இனி மற்றொரு காப்பிக்கு வருவோம். 1996-இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காபி டேயின் முதல் கடை திறக்கப்பட்டது. 2012-இல் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் டாட்டா நிறுவனத்தோடு கைகோத்து மும்பையில் கால் பதித்தது. இத்தகைய குளிரூட்டப்பட்ட காப்பியகங்களில் ஒரு கோப்பையின் விலை 200 ரூபாயைத் தாண்டுவது இன்று சாதாரணம். 250 ரூபாய் என்று கொண்டால், மாதம் 22 வேலை நாட்களுக்கு 5,500 ரூபாய். வீட்டுக் காப்பியின் அடக்க விலையைக் கழித்த பின்னும் 5,200 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. ஆண்டுக்கு 62,000 ரூபாய்க்கு மேல். வட்டி, இலாபம் எதையும் சேர்க்காமல் வெறுமனே எடுத்து வைத்தாலே பத்தாண்டுகளில் 6,20,000 ரூபாய்க்கு மேல். ஒரு பெண்பிள்ளையின் கல்லூரிப் படிப்பு அதற்குள் அடங்கிவிடக்கூடும்.

தமிழக அரசு 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கத் தொடங்கியது. அந்த ஆயிரத்தை நம்பி மருந்தும் மளிகையும் வாங்குகின்ற இல்லங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஐந்து இல்லங்களுக்குச் சேரும் தொகையைவிட அதிகமாக, ஒருவரே ஒரு மாதத்தில் காப்பியாகக் குடித்துவிடுகிறார்.

ஆக, பார்சல் காப்பி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு செலவுகள் இருக்கின்றன. 20 ரூபாய்க் காப்பிக்குச் சொல்லும் அறிவுரையை 250 ரூபாய்க் காப்பிக்கும், 250 ரூபாய்க் காப்பிக்குக் காட்டும் கோபத்தை 20 ரூபாய்க் காப்பிக்கும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

காப்பியை விட்டால் செல்வந்தராகிவிடலாமா?

இந்த வாதம் நமக்கு முன்பே அமெரிக்காவில் எழுந்தது. டேவிட் பாக் என்னும் நிதி ஆலோசகர், அன்றாடம் வாங்கும் காப்பி போன்ற சிறு செலவுகளை நிறுத்திச் சேமித்தாலே முதுமையில் வளமாக வாழலாம் என்று எழுதிப் புகழ்பெற்றார். பாலும் காப்பியும் கலந்த 'லாட்டே' என்னும் பானத்தின் பெயரையே அந்தக் கருத்துக்குச் சூட்டினார். பல ஆண்டுகள் இது வேதவாக்காக உலவியது. ஹெலெய்ன் ஓலன் என்ற பெண் எழுத்தாளர் 2012-இல் வெளிவந்த தம் நூலில் இதை மறுத்தார். மக்களை வறுமையில் ஆழ்த்துவது காப்பி அன்று. ஏறிக்கொண்டே போகும் வீட்டுச் செலவும், மருத்துவச் செலவும், கல்விச் செலவும், அவற்றுக்கு ஈடாக உயராத ஊதியமுமே என்பது அவருடைய வாதம்.

இதை நம் சூழலில் பொருத்திப் பார்த்தால் உண்மை புலப்படும். நம் குடும்பங்களைக் கடனில் தள்ளுபவை எவை? ஒரே நாளில் முடிந்துபோகும் திருமண விருந்துகள். தகுதிக்கு மீறிக் கட்டப்படும் வீடுகள். திடீரென்று வந்து நிற்கும் மருத்துவமனைக் கட்டணங்கள். ஆயிரம் பேருக்குப் பிரியாணி போடுவதற்கு மறுபேச்சின்றிக் கடன் வாங்கும் தந்தை, மகன் கையிலிருக்கும் காப்பிக் கோப்பையைப் பார்த்துச் சிக்கனம் பேசினால், அந்தச் சொல்லுக்கு வலிமை இருக்குமா? பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை பெரிய செலவில் தொடங்கினால்தான் சிறிய செலவு வரைக்கும் போய்ச் சேரும்.

அதற்காகச் சிறு செலவைக் கணக்கில் கொள்ளவே வேண்டாம் என்பது பொருளன்று. திருமணச் செலவு ஆண்டுக்கணக்கில் ஒருமுறை வருகிறது. அனைவரும் கூடிப் பேசி முடிவெடுக்கிறோம். காப்பிச் செலவோ நாள்தோறும் வருகிறது, எவரும் பேசுவதில்லை. முன்பு சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுக்கும்போதாவது கை ஒரு கணம் தயங்கியது. இப்போது கைபேசியைக் காட்டினால் போதும். பணம் போன சுவடே மனத்தில் பதிவதில்லை.

காப்பியோடு வந்த இருக்கை

ஒரு செலவு தகுமா, தகாதா என்பதை விலை மட்டும் முடிவு செய்வதில்லை. கொடுத்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதே முடிவு செய்கிறது. காப்பிக் கடையில் மனிதர் அன்று தொட்டு எதை வாங்கினார் என்பதை வரலாறு அழகாகக் காட்டுகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கங்களில் உறக்கம் தலைகாட்டாதிருக்கக் காப்பியைப் பருகினர். அரபு மொழியில் அதன் பெயர் 'கஹ்வா'. காப்பி என்னும் சொல்லின் மூலமும் அதுவே. பெரிய மண்கலம் ஒன்றில் காப்பியை வைத்து, அதிலிருந்து சிறு கிண்ணத்தால் மொண்டு, கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வரிசையாக வழங்குவது அவர்களுடைய வழக்கம். ஒரே கலம், ஒரே வட்டம், பலர் பருகினர்.

1511-இல் மக்காவில் அதிகாரியாக இருந்த கைர் பேக் என்பவர் அறிஞர்களைக் கூட்டிக் காப்பிக்குத் தடை விதித்தார். காப்பியைச் சுற்றி மக்கள் இரவில் கூடுவது அவர் கண்ணை உறுத்திற்று. அந்தத் தடை நீடிக்கவில்லை. 1550-களில் அலெப்போவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் வந்த இருவர் இஸ்தான்புல்லில் காப்பியகங்களைத் திறந்தனர். கற்றோரும் மற்றோரும் அங்கே கூடிப் பேசினர், நூல் படித்தனர், சதுரங்கம் ஆடினர். 1652-இல் இலண்டனில் முதல் காப்பியகம் திறக்கப்பட்டது. அதன்பின் பெருகிய காப்பியகங்களில் ஒரு பென்னி கொடுத்தவருக்குக் காப்பியும் கிடைத்தது. செய்தித்தாளும் நல்லோர் பேச்சும் கிடைத்தன. அதனால் அவற்றைப் 'பென்னிப் பல்கலைக்கழகங்கள்' என்றே அழைத்தனர்.

நம் நாட்டிலும் காப்பி எளிதாக நுழைந்துவிடவில்லை. யமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தவர் பாபா புதன் என்னும் பெரியார் என்பது வழிவழி வரும் செய்தி. தமிழகத்தில் அது பரவியபோது எழுந்த எதிர்ப்பையும் ஏளனத்தையும் வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இளையோர் காப்பியால் கெடுகிறார்கள் என்ற குறைபாடு நம் பாட்டனார் காலத்திலேயே உண்டு!

இந்த வரலாறு நெடுகிலும் ஒன்று புலனாகிறது. காப்பிக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி காப்பிக்கு. மறுபகுதி இருக்கைக்கு, பேச்சுக்கு, துணைக்கு. நம் தெருமுனைத் தேநீர்க் கடையின் மரப்பலகையும் அதைத்தான் செய்துவந்தது. சுமை தூக்கும் தொழிலாளி அங்கே பத்து நிமிடம் அமர்கிறார். பணி ஓய்வு பெற்ற முதியவர் செய்தித்தாளைப் புரட்டி நான்கு பேரிடம் நலம் விசாரிக்கிறார். அவர்களிடம் போய் "நாளுக்கு 8 ரூபாய் மிச்சம் பிடியுங்கள்" என்று சொல்வது அறிவுடைமை ஆகாது. அந்த 8 ரூபாயில் அவர்கள் வாங்குவது ஓய்வும் உறவும்.

கையில் ஏந்திச் செல்லும் காப்பியில் இவை இரண்டும் கழன்றுவிட்டன. இருக்கை இல்லை, பேச்சு இல்லை, துணை இல்லை. காப்பியகத்தின் குளிரூட்டலுக்கும் மெத்தை நாற்காலிக்கும் சேர்த்தே விலை வைத்திருக்கிறார்கள். வாங்குபவரோ வாசலிலேயே பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். முழு விலையைக் கொடுத்துப் பாதிப் பொருளை வாங்கும் வாணிபம் இது! கோப்பையில் பொறித்த முத்திரையைப் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சிலர் ஏந்திச் செல்கிறார்கள். பிறர் பார்வைக்காக வாங்கும் எந்தப் பொருளுக்கும் விலை எப்போதும் அதிகம். நிறைவோ எப்போதும் குறைவு.

பார்சல் தகும் இடங்கள்

எடுத்துச் செல்லும் காப்பி எல்லா இடத்திலும் வீண் என்று தீர்ப்பளிப்பதும் நேர்மையன்று. அரசு மருத்துவமனை வாசலில் ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு ஓடுபவரைப் பாருங்கள். உள்ளே நோயாளிக்கும் துணையிருப்பவருக்கும் அது உயிர்த்தண்ணீர். எதிர்பாராமல் விருந்தினர் வந்துவிட்டால் சிறுவனிடம் தூக்குவாளியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். ஒரு பார்சலை ஆறு பேர் பங்கிட்டுப் பருகும்போது, யமனின் அந்த மண்கலம் மீண்டும் நம் நடுவீட்டுக்கு வந்துவிடுகிறது.

மற்றொரு நிலையும் உண்டு. அதை நாம் பேசுவதே இல்லை. வீட்டுக் காப்பியின் அடக்கம் 12 ரூபாய் என்று மேலே கணக்கிட்டோம். அதில் தூளும் பாலும் சர்க்கரையும் எரிவாயுவும் இருந்தன; உழைப்பு இருந்ததா? விடியுமுன் எழுந்து, பால் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, வடிகட்டியைக் கழுவி வைக்கும் கைகளுக்கு நாம் ஒரு காசும் எழுதவில்லை. "வெளியே ஏன் காசு கொடுக்க வேண்டும்? வீட்டில் சும்மா கிடைக்கிறதே!" என்பவர்களின் காப்பியை மற்றொருவர் தம் உறக்கத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்த தாயின் காலை வேலையில் அரைமணி நேரத்தைக் கணவர் வாங்கி வரும் பார்சல் காப்பி மிச்சப்படுத்துமானால், அந்த 20 ரூபாயைச் சேமிப்பு என்றே எழுதலாம். கணவரே எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தால் அந்த 20 ரூபாயும் மிச்சம்!

யாருடைய கைச்செலவு?

பல இல்லங்களில் மனத்தாங்கலுக்குக் காரணமாக இருப்பது செலவின் அளவைவிட அதில் காட்டப்படும் ஓரவஞ்சனையே. கணவர் வெளியே குடிக்கும் காப்பிக்குக் 'கைச்செலவு' என்று பெயர். அதை எவரும் கேட்பதில்லை. மனைவி கூடுதலாக அரை லிட்டர் பால் வாங்கிவிட்டால் அதற்கு 'வீண்செலவு' என்று பெயர். அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அரை லிட்டர் பாலின் விலை 25 ரூபாய். ஒரு காப்பிக்கும் அதற்கும் ஐந்து ரூபாய்தான் வேறுபாடு! ஒருவர் பானம் ஏட்டுக்கு வெளியே இருக்க, குடும்பம் முழுவதும் பருகும் பால் மட்டும் ஏட்டுக்குள் விசாரணைக்கு நிற்பது நீதியாகுமா?

சம்பாதிக்கத் தொடங்கிய மகனுக்கும் மகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் உழைத்த காசில் அவர்களுக்கும் ஓர் இன்பம் இருக்கட்டும். அதைப் பறிப்பது அன்பாகாது. ஆனால் தம்பியின் தேர்வுக் கட்டணத்துக்குத் தாய் நகையை அடகு வைக்கும் மாதத்தில் 5,500 ரூபாய் காப்பியாகப் போகிறது என்றால், அந்த மகனோ மகளோ கொடியவர் என்று பொருளில்லை. அவர் கூட்டிப் பார்க்கவில்லை என்றே பொருள். கூட்டிப் பார்த்திருந்தால் அவர் உள்ளமே அவரைக் கேட்டிருக்கும்.

எறியப்படும் கோப்பை

விலைச்சீட்டில் எழுதப்படாத செலவொன்று மீதியிருக்கிறது. காகிதக் கோப்பை என்று நாம் சொல்வது முழுவதும் காகிதமன்று. திரவம் ஊறாதிருக்க உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசப்பட்டிருக்கிறது. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய கோப்பையில் 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்துவிடுவதாகக் கண்டனர். தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு விதிக்கப்பட்ட தடையில் பிளாஸ்டிக் பூசிய இத்தகைய கோப்பைகளும் அடங்கும். ஆயினும் கடைவாசல்களில் அவை குவிந்து கிடப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். எவர்சில்வர் டம்ளரோ சிறிய ஃபிளாஸ்க்கோ பையில் இருந்தால் இந்தச் செலவு அறவே இல்லை.

ஏட்டில் ஏறட்டும்

அன்புச் சகோதர சகோதரிகளே! காப்பியை விட்டுவிடுங்கள் என்று இந்தப் பக்கம் சொல்லவில்லை. அதை ஏட்டில் ஏற்றுங்கள் என்றுதான் சொல்கிறது. தெரிந்தே கொடுக்கும் 20 ரூபாய் செலவு. தெரியாமலே கழியும் 20 ரூபாய் விரயம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொகையில் இல்லை. நம் கவனத்தில் இருக்கிறது.

கைபேசி வழியே பணம் கொடுப்பவர்களுக்கு இது எளிது. கணக்கு ஏற்கெனவே அதில் பதிந்து கிடக்கிறது. கடந்த மாதத்தில் காப்பிக்கு மட்டும் எவ்வளவு போயிற்று என்று ஒருநாள் மாலையில் அமர்ந்து கூட்டிப் பாருங்கள். வரும் தொகையை மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். பின்னர் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். மாதத்திற்கு இவ்வளவு என்று வெளிக் காப்பிக்கு ஒரு தொகை ஒதுக்கலாம். அதே அளவு தொகையை, எதற்கென்று கேட்காமல், வீட்டிலிருப்பவருக்கும் ஒதுக்க வேண்டும். 250 ரூபாய்க் கோப்பை விருப்பமானால் வாரத்துக்கு ஒருமுறை போகலாம். தனியே போகாமல் நண்பரையோ, துணைவியையோ, பெற்ற தாயையோ உடன் அழைத்துச் சென்று, அமர்ந்து, பேசி, பருகி வாருங்கள். விலையில் அடங்கிய இருக்கையையும் அப்போதுதான் பெற்றவர்களாவீர்கள்.

மற்ற நாட்களில், வீட்டில் போடும் காப்பியில் இன்னும் ஒரு டம்ளர் சேர்த்துப் போடுங்கள். போட்டவருக்கே அதை முதலில் கொடுங்கள்.